துருக்கி விருந்து, தருமபுரி அடுப்பு

(ஊக்குநர் குழுக் கூட்டத்தில் படித்துக்காட்டி, உறுப்பினர்கள் கலந்து பேச வேண்டிய பாடம்)



இந்த மாதப் பாடம் சமையலைப் பற்றியது. "சமையலா? அதையும் எங்களுக்கு நீங்கதான் சொல்லித் தரணுமா மேடம்?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. களி கிண்டுவதையும் குழம்பு கூட்டுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. சமையல் ஆர்டர் எடுக்கும் குழுக்களிடம் இப்போது புதுப்புதுப் பெயராகக் கேட்கிறார்கள். ஓசூர், பெங்களூர் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து விசேஷம் வைக்கும்போது, "சாம்பார், ரசம் இருக்கட்டும்க்கா, அதோட துருக்கி மெஸே நாலைந்து வகை வெக்க முடியுமா? எல்லாம் சைவம்தான்" என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் "நமக்கு ஆகாதுப்பா" என்று ஆர்டரை விடுவது ஒரு தப்பு. தெரிந்த மாதிரித் தலையை ஆட்டி முன்பணம் வாங்கிவிட்டு, கடைசி நேரத்தில் திண்டாடுவது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டிலும் மாட்டாமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

மெஸே என்றால் என்ன?

ஒரே ஒரு பண்டத்தின் பெயர் அல்ல. பெரிய சாப்பாட்டுக்கு முன்னாலோ, சாப்பாட்டுக்குப் பதிலாகவோ, சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஏழெட்டு வகையை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து ரொட்டியால் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவது மெஸே. துவையல் மாதிரி ஒன்று, பச்சடி மாதிரி ஒன்று, சுண்டல் மாதிரி ஒன்று, கொழுக்கட்டை மாதிரி ஒன்று. இலையில் இடது பக்க மேல் மூலையில் நாம் வைக்கிறோமே, அந்த மூலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான்.

அந்தச் சொல்லும் நமக்குத் தூரத்துச் சொந்தம். பாரசீக மொழியில் 'மஸா' என்றால் ருசி. அது துருக்கிக்குப் போய் 'மெஸே' ஆனது. இந்தப் பக்கம் இந்திக்கும் உருதுக்கும் வந்து, அங்கிருந்து நம் பிள்ளைகள் வாயில் 'மஜா' ஆகிவிட்டது. கத்திரிக்காயோ இங்கிருந்து அங்கே போனது. நம் நாட்டுக் காய்தான் பாரசீகம், அரபு நாடுகள் வழியாகத் துருக்கிக்குப் போய் அவர்களுடைய விருந்தில் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் மதுக்கடைகளில் குடிப்பவர்கள் முன்னாலும் இந்த மெஸே வைப்பது வழக்கம். "அப்போ இது சரக்குக்குத் தொட்டுக்கற சைடு டிஷ்ஷா மேடம்?" என்று ஒரு அக்கா கேட்டார். அங்கேயும் அப்படி உண்டு. ஆனால் வீட்டு விருந்திலும், பெண்கள் கூடும் இடத்திலும், நோன்பு திறக்கும் நேரத்திலும் இதே பண்டங்களைத்தான் வைக்கிறார்கள். நாம் செய்யப்போகும் எதிலும் மது சேராது. குடி நடக்கும் விருந்துக்கு ஆர்டர் எடுப்பதா வேண்டாமா என்பதை ஒரு உறுப்பினர் தனியாக முடிவு செய்யக் கூடாது. குழுவில் பேசித் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். எங்கே பரிமாறப் போகிறோம், இரவு எத்தனை மணிக்குத் திரும்புவோம், கூட யார் வருவார்கள் என்பதும் அதே தீர்மானத்தில் வரட்டும்.

மெஸேயில் மீனும் கறியும் உண்டு. நமக்குச் சைவ வகை மட்டும் போதும், அதுவே நிறைய இருக்கிறது. துருக்கியில் கறி சேர்க்காமல் அரிசியும் வெங்காயமும் வைத்துச் சுருட்டும் இலைச் சுருளுக்கு 'யலாஞ்சி' என்று பெயர். யலாஞ்சி என்றால் பொய்க்காரன்! கறி இருக்கிற மாதிரிக் காட்டி ஏமாற்றுகிறதாம். திராட்சை இலையில் சுருட்டுவார்கள். நீங்கள் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தோட்டத்துத் திராட்சை இலையில் மருந்து அடித்திருப்பார்கள், கழுவினாலும் முழுசாகப் போகாது.

ஆறின பண்டம் நமக்குப் புதுசா?

மெஸேயில் பெரும்பாலான வகைகளைச் சூடாகப் பரிமாறுவதில்லை. முன்கூட்டியே செய்து, ஆறவைத்து, குளிர்ச்சியாக வைப்பார்கள். ஆடி 18க்கு ஒகேனக்கல் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? விடியக்காலையில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு கிண்டித் தூக்கில் அடைத்து, காவிரிக் கரையில் உட்கார்ந்து பக்கத்துக் குடும்பத்துக்கும் ஒரு பிடி கொடுத்துச் சாப்பிடுகிறோம். துருக்கியிலும் மே 6ந் தேதி 'ஹிதிரெல்லெஸ்' என்று வசந்த விழா கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அவர்களும் தண்ணீர்க் கரைக்கும் மரத்தடிக்கும் போய்க் கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஆறின பண்டத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பந்தி நடக்கும் நேரத்தில் அடுப்பு முன்னால் வெந்து கொண்டிருக்க வேண்டியதில்லை. பதமாகச் செய்து கொண்டுபோய் வைத்துவிட்டு, நிதானமாகப் பரிமாறலாம். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மார்தின் ஊர்ப் பெண்கள்

துருக்கியின் தென்கிழக்கில், சிரியா எல்லைக்குப் பக்கத்தில் மார்தின் என்று ஒரு பழைய ஊர். எப்ரு பைபரா தெமிர் என்ற பெண் அங்கே சுற்றுலா வழிகாட்டியாக இருந்தார். வருகிற பயணிகளை உட்காரவைத்து நல்ல சாப்பாடு போட ஊரில் சரியான இடம் இல்லை. அவர் ஊரிலிருந்த குடும்பப் பெண்களைச் சேர்த்து, அவரவர் வீட்டில் சமைக்கிற சாப்பாட்டையே பயணிகளுக்குப் போட வைத்தார். 2001ல் அந்தப் பெண்களோடு ஒரு பழைய மாளிகையில் உணவகம் திறந்தார். 2023 பிப்ரவரியில் துருக்கியில் பெரிய பூகம்பம் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் போடும் அடுப்பங்கரைகளை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் கொடுக்கும் உலக சமையல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பெண்கள் பட்டணத்துச் சமையலைப் படித்துக்கொண்டு வந்து விற்கவில்லை. தங்கள் வீட்டுச் சமையலைத்தான் காசாக்கினார்கள். நாம் இப்போது அவர்கள் சமையலை எடுத்து, நம் சாமானில் செய்யப் போகிறோம். குழு நடத்துவதில் நாமும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் ஆரம்பித்ததே நம் தருமபுரி மாவட்டத்தில்தான்.

இனி அடுப்புக்கு வருவோம். கீழே சொல்லும் அளவு எல்லாம் ஏறக்குறைய 50 பேருக்கு. ஐந்து வகை வைப்பதால் ஒவ்வொன்றிலும் ஆளுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் ஓடாது. ஒரு வகையை மட்டும் வைப்பதாக இருந்தால் இந்த அளவு போதாது.

ஹம்முஸ் என்ற கடலைத் துவையல்

வெள்ளைக் கொண்டைக்கடலை முக்கால் கிலோ, வெள்ளை எள் 200 கிராம், எலுமிச்சம்பழம் 6, பூண்டு 10 அல்லது 12 பல், உப்பு, எண்ணெய் 100 மில்லி.

கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் வேகவையுங்கள். சுண்டலுக்கு வேகிற மாதிரி முழுசாக நிற்கக் கூடாது. விரலில் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும். அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் சீக்கிரம் மசியும், தோலும் கழன்று மிதக்கும். முடிந்தவரை தோலை அரித்து எடுத்துவிடுங்கள், அதில்தான் வழவழப்பு இருக்கிறது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். எள்ளை லேசாக வறுக்க வேண்டும். சிவக்க விட்டால் கசக்கும். ஆறியதும் எண்ணெய் விட்டு மிக்சியில் கூழாக அரைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடலை, பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து, வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். தோசை மாவை விடக் கெட்டியாக, சப்பாத்தியில் தடவினால் நிற்கிற பதம். தட்டில் பரப்பி, கரண்டி முதுகால் குழி போட்டு, எண்ணெய் ஊற்றி, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை தூவினால் பார்க்கவே அழகு.

எள் விஷயத்தில் மறக்காமல் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் எள்ளு என்றால் திதி, கருமாதி ஞாபகம் வரும். வளைகாப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் எள் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. "சாமான்ல வெள்ளை எள்ளு வருதுங்க, பரவாயில்லீங்களா?" என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையைப் போட்டு அரைக்கலாம். ருசி மாறும், கெட்டுப்போகாது. எள்ளும் வேர்க்கடலையும் சிலருக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. வாய் வீங்கும், மூச்சு அடைக்கும். அதனால் எதைச் சேர்த்தாலும் பரிமாறும் இடத்தில் ஒரு அட்டையில் எழுதி வைப்பது நல்லது.

ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று கேட்பார்கள். அதுதான் துருக்கி முறை, மறுக்கவில்லை. விலை அதிகம். அவர்கள் வாங்கித் தந்தால் ஊற்றுங்கள். இல்லையென்றால் கடலை எண்ணெய் ஊற்றிவிட்டு, கடலை எண்ணெய் என்றே சொல்லுங்கள்.

சுட்ட கத்திரிக்காய்

பெரிய கத்திரிக்காய் 4 கிலோ, பூண்டு 10 பல், எலுமிச்சை 4, எண்ணெய் 100 மில்லி, உப்பு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இந்த ஒரு வகையில் பட்டணத்துச் சமையல்காரர்கள் நம்மிடம் தோற்க வேண்டும். கேஸ் அடுப்பில் சுடுவதை விட விறகுத் தணலில் சுட்டால்தான் அந்தப் புகை வாசனை ஏறும். துருக்கியிலும் அந்த வாசனைக்குத்தான் மதிப்பு. காயில் கத்தியால் நாலு இடத்தில் குத்திவிட்டுச் சுடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். மேல் தோல் கருகி, காய் துவண்டுவிட்டால் எடுத்து, சல்லடையில் போட்டு மூடி வையுங்கள். வடிகிற தண்ணீர் கசப்பு, அதைக் கொட்டிவிடலாம். தோலை உரித்ததும் உடனே எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும், காய் கறுக்காது. மிக்சியில் அரைக்காதீர்கள், கூழாகிவிடும். கத்தியால் கொத்தி, நசுக்கிய பூண்டு, உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசையுங்கள். கொத்சு மாதிரி தாளிக்கக் கை துறுதுறுக்கும். தாளிக்க வேண்டாம்!

பருப்புக் கோஃப்தே

துருக்கியில் 'மெர்ஜிமெக் கோஃப்தே' என்பார்கள். மெர்ஜிமெக் என்றால் மைசூர் பருப்பு. பெண்கள் கூடும் தேநீர் விருந்துகளில் இது இல்லாமல் இருக்காது. எண்ணெயில் பொரிப்பதில்லை. பிடிகொழுக்கட்டை மாதிரிக் கையில் பிடித்து, விரல் தடம் பதிய அப்படியே தட்டில் அடுக்குவார்கள். அந்த விரல் தடம்தான் அதற்கு அழகு.

அவர்கள் இதில் 'புல்குர்' என்ற கோதுமையைச் சேர்ப்பார்கள். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். புல்குரும் நம் கடையில் கிடைக்கும் கோதுமை ரவையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று அல்ல. புல்குர் என்பது கோதுமையை வேகவைத்து, காயவைத்து, உடைத்தது. அதாவது புழுங்கல் அரிசி மாதிரி புழுங்கல் கோதுமை. ஏற்கெனவே வெந்ததால், சூடான பருப்பில் கொட்டி மூடினாலே ஊறி மெத்தென்று ஆகிவிடும். நம் ரவை பச்சை. அதை அப்படிக் கொட்டினால் உள்ளே வேகாமல் நிற்கும், சாப்பிட்டவர்களுக்கு வயிறு வலிக்கும். புத்தகத்திலும் டிவியிலும் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நான் சொல்வது சாமை. நம் பக்கத்தில் விளைகிறது, வேகவும் நேரம் ஆகாது, பருப்போடு நன்றாகச் சேர்ந்து பிடிபடும்.

மைசூர் பருப்பு அரை கிலோ, சாமை அரை கிலோ, பழுத்த தக்காளி ஒன்றரைக் கிலோ, பெரிய வெங்காயம் அரை கிலோ, எண்ணெய் 150 மில்லி, சீரகத்தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி ஒரு பெரிய கட்டு, வெங்காயத்தாள் ஒரு கட்டு, எலுமிச்சை 3.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விலை இறங்கிக் கிடக்கும் நாளில் வாங்கி, நறுக்கி, உப்புப் போட்டுக் கெட்டியாகச் சுண்டும் வரை அடுப்பில் கிளறி எடுத்தால், அதுதான் துருக்கிக்காரர்கள் 'சல்ச்சா' என்று சொல்லும் தக்காளி விழுது. அவர்கள் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தும் காயவைப்பார்கள். பருப்பைக் குழைய வேகவைத்துத் தண்ணீரைச் சுண்டவிடுங்கள். சாமையைத் தனியாக உதிராமல் கொஞ்சம் குழைவாகவே வடியுங்கள். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்கி, தக்காளி விழுது, சீரகத்தூள், மிளகாய்த்தூள் போட்டுப் பச்சை வாசனை போனதும் எல்லாவற்றையும் ஒரு அகலத் தேக்சாவில் கொட்டிப் பிசையுங்கள். துருக்கி மிளகாய் காரம் கம்மி. நம் குண்டூர் மிளகாயை அதே கணக்கில் போட்டால் விருந்தாளி கண்ணில் தண்ணீர் வரும், பாதியே போதும். முழுசாக ஆறிய பிறகு எலுமிச்சை, கொத்தமல்லி, வெங்காயத்தாள் சேர்த்துப் பிடியுங்கள். ஆளுக்கு இரண்டு வீதம் 100 உருண்டை தாராளமாக வரும்.

ஹைதரியும் எஸ்மேயும்

இந்த இரண்டும் சுலபம். ஹைதரி என்பது கெட்டித் தயிர். 4 லிட்டர் புளிக்காத தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் நசுக்கிய பூண்டு, பொடியாக நறுக்கிய புதினா, உப்பு சேர்த்துக் கலக்க வேண்டியதுதான். வெளியில் தொங்கவிட்டால் நம் வெயிலில் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு பாத்திரத்தின் மேல் சல்லடை வைத்து, அதில் துணியோடு தயிரை வைத்தால் விடிவதற்குள் வடிந்துவிடும். வடிந்த தண்ணீரைக் கூழில் கரைத்துக் குடியுங்கள், உடம்புக்கு நல்லது.

எஸ்மே என்பது காரமான பச்சைத் தக்காளிச் சட்னி, வேகவைப்பதே இல்லை. தக்காளி 2 கிலோவை விதை நீக்கிப் பொடியாகக் கொத்தி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து, ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். அவர்கள் மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு ஊற்றுவார்கள். நாம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, துளி வெல்லம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றலாம். கிட்டத்தட்ட அதே புளிப்பும் இனிப்பும் வந்துவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கலக்க வேண்டும், முன்னாலே கலந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

தொட்டுக்கொள்ளச் சப்பாத்தி போதும். கேழ்வரகு ரொட்டியைச் சின்னதாகத் தட்டிப் போட்டுப் பாருங்கள். சுட்ட கத்திரிக்காய்க்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

கிருத்திகை, புரட்டாசிச் சனி மாதிரி நாளில் பூண்டு, வெங்காயம் சேர்க்காத வீடு என்றால் இந்த ஐந்தில் பாதி தேறாது. தேதியைக் கேட்டவுடன் காலண்டரையும் பாருங்கள்.

இப்போது அந்த ஆபத்து

கொதிக்கும் சாம்பாரில் கிருமி பிழைக்காது. ஆறின பருப்பிலும், வெந்த சாமையிலும், கடலை விழுதிலும், தயிரிலும் பிழைக்கும், பெருகும். 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் இருக்கும் சூடு கிருமிக்குத் தொட்டில் மாதிரி. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயில் சரியாக அதற்குள் வருகிறது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இந்தப் பண்டங்கள் வெளியில் இருக்கக் கூடாது. துருக்கியில் ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத்தான் பரிமாறுகிறார்கள். அவர்கள் முறையை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஃபிரிட்ஜை விட்டுவிட்டால் எப்படி?

அதனால் வெந்த பருப்பையும் சாமையையும் அண்டாவில் குவித்து மூடி வைக்காதீர்கள், நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஈ மொய்க்காமல் துணி மூடி, ஃபேன் காற்றில் ஆறவைத்து உடனே குளிர்ச்சிக்கு மாற்றுங்கள். எடுத்துப்போக மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கும் மாதிரி தெர்மாகோல் பெட்டி, ஆனால் புதுசு வாங்குங்கள். அடியில் ஐஸ், அதன்மேல் மூடிய டப்பா. ஐஸ் தண்ணீர் பண்டத்துக்குள் இறங்கக் கூடாது. பரிமாறும்போது முழு டப்பாவையும் மேசையில் வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள். கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள் எல்லாம் பச்சையாகப் போகிறது. நாலு தண்ணீர் அலசி, கடைசித் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர், வயிற்றுப்போக்கு இருப்பவர் அன்றைக்குக் காய்கூட நறுக்க வேண்டாம், கணக்கு எழுதட்டும். அதற்காக அவர் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை யாரும் உடம்பு சரியில்லை என்று வாயே திறக்க மாட்டார்கள்.

மிச்சமானதை "வீணாப் போகுதே" என்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குக் கொடுப்பது நம் பழக்கம். வெளியில் மூன்று மணி நேரம் இருந்த ஹம்முஸையும் ஹைதரியையும் கொடுக்காதீர்கள். மாட்டுக்கும் வேண்டாம். குழி தோண்டிப் போடுங்கள்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பதற்காகச் சமைக்கும் சின்னக் குழுவும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இதுவரை பதிவு செய்யாத குழுக்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள், விண்ணப்பம் போட உதவுவோம்.

கணக்கு

நம் குழுக்கள் அதிகமாக ஏமாறுவது சமையலில் இல்லை, விலை சொல்வதில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

50 பேருக்கு ஐந்து வகை மெஸேயும் ரொட்டியும். சாமான் 2,500 ரூபாய், கேஸும் விறகும் 400, வண்டி 600, ஐஸ், பெட்டி, தட்டு 500. மொத்தம் 4,000. ஆளுக்கு 80 ரூபாய் ஆகிறது. "ஆளுக்கு நூறு ரூபாய் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டால், 5,000 வரும், ஆயிரம் ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவோம். ஆனால் ஐந்து பெண்கள் இரண்டு நாள் உழைத்திருக்கிறார்கள். சந்தைக்குப் போனது, ஊறவைத்தது, சுட்டது, பரிமாறியது, பாத்திரம் துலக்கியது எல்லாம் சேர்த்துப் பத்து ஆள் வேலை. ஆயிரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். இந்தக் கூலிக்கு யாராவது களை எடுக்கக் கூப்பிட்டால் போவீர்களா?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்று கூலி போடுங்கள். அது 4,000. செலவோடு சேர்த்து 8,000. சிந்தியது, கெட்டது என்று நூற்றுக்கு 5 சேர்த்தால் 8,400. குழுவின் பங்காக நூற்றுக்கு 10 வைத்தால் 9,240. ஆளுக்குச் சுமார் 185 ரூபாய் என்று வாய் கூசாமல் சொல்லலாம். "என்னங்க, தொட்டுக்கற சட்னிக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். குறைக்கச் சொன்னால் விலையைக் குறைக்காமல் வகையைக் குறையுங்கள். ஐந்துக்குப் பதில் மூன்று வகை, அதற்கேற்ற விலை. முன்பணம் சாமான் செலவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் கைக்காசைப் போட்டுச் சாமான் வாங்கி ஆர்டர் செய்யும் நிலைமை வரவே கூடாது. முன்பணத்துக்கு ரசீது கொடுத்து, குழுக் கணக்கில் வரவு வையுங்கள்.

மாற்றிப் போட்ட சாமானை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புல்குருக்குப் பதில் சாமை, மாதுளைப் பாகுக்குப் பதில் புளி, துருக்கிக் கீரைக்குப் பதில் கொத்தமல்லி. சொன்னால் சிலர் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் இஷ்டம். "சாமையிலயா? அதையே போடுங்க" என்பவர்களும் நிறைய. சிறுதானியத்துக்கு இப்போது மவுசு இருக்கிறது, அதை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

கூட்டத்தில் பேச வேண்டியவை: நம் குழுவில் யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஆர்டர் நாளில் தருவார்களா, கரண்ட் போனால் ஐஸ் எங்கே கிடைக்கும்? ஐந்து வகையில் எதை யார் பொறுப்பெடுப்பது? கூலி எவ்வளவு என்று எழுதி முடிவு செய்திருக்கிறோமா?

ஆர்டர் வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு சாமான் கொண்டுவந்து, கால் கிலோ கொண்டைக்கடலையில் ஹம்முஸும், ஒரு கிலோ கத்திரிக்காயைச் சுட்டும் செய்து பாருங்கள். எவ்வளவு சாமானுக்கு எத்தனை கரண்டி வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது, என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதி, நான் குழுவுக்கு வரும்போது காட்டுங்கள். ருசி பார்க்கக் கொஞ்சம் எடுத்து வைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள்.